36 முழம்: 1843ஆம் ஆண்டுக் கினித்துணி ஆணையை மறுபடி படித்தல்

1843 மே 18 அன்று பிறந்த பிரெஞ்சு அரச ஆணை, புதுச்சேரியில் அவுரிநீலம் ஏறிச் செனகலுக்குள் நுழையும் நீலக் கினித்துணிக்கு மூன்று அளவுகளை விதித்தது. உருப்படி ஒன்றின் நீளம் 16.5 மீட்டர், அகலம் 1 மீட்டர், எடை 2.3 கிலோ. இதற்குக் குறைந்த துணி சேராது. சேர்ந்த துணிக்கு முத்திரை உண்டு. இந்த எண்களை இதுவரையான ஆய்வுமரபு பிரெஞ்சு வணிகக் கொள்கையின் பிள்ளைகளாகவே படித்துவந்திருக்கிறது. என் வாசிப்பு அதிலிருந்து விலகுகிறது. முதல் இரண்டு எண்களும் தமிழ் நெசவாளியின் முழக் கணக்கு. மீட்டர் உடை உடுத்தி ஆணைக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது எண்ணின் பிறப்பு வேறு. அதைத் தனியே பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. கிழக்குக் கரைத் துணி வணிகத்தில் வழங்கிய முழம் 18 அங்குலம், அதாவது 45.72 சென்டிமீட்டர். 36 முழம் என்றால் 16.46 மீட்டர். இரண்டேகால் முழம் என்றால் 1.03 மீட்டர். ஐரோப்பியக் கும்பினிகள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து இந்தக் கரையில் வாங்கிய நீளத்துணியின் அளவு 72 முழ நீளம், இரண்டேகால் முழ அகலம் என்பது துறையினர் அறிந்ததே. ஆணை கேட்கும் கினித்துணி, அந்த நீளத்துணியைச் சரிபாதியாக மடித்து வெட்டிய உருப்படி. பாரிசில் மேசையில் அமர்ந்து ஒரு துணிக்கு அளவு வகுப்பவர் 15 மீட்டர் என்றோ 20 மீட்டர் என்றோ எழுதியிருப்பார். பதினாறரை என்ற எண்ணை யாரும் யோசித்து வகுக்க மாட்டார்கள். கையில் இருக்கும் துணியை அளந்தால்தான் அது வரும்.

இது தற்செயல் பொருத்தம் என்று சொல்லலாம். நீளம் மட்டும் பொருந்தியிருந்தால் நானும் தயங்கியிருப்பேன். அகலமும் சேர்ந்தே பொருந்துகிறது. முழம் ஊருக்கு ஊர் மாறும் என்ற மறுப்பும் எழும். கடற்கரை ஏற்றுமதிக்கு அந்த வேறுபாடு பொருந்தாது, அங்கே முழக்கோல் வணிகர் கையில் இருந்தது. இவற்றைவிட வலுவான மறுப்பு வேறொன்று: 72 முழம் என்பதே கும்பினிகள் கேட்டு வாங்கிய அளவு, அதைத் தமிழ் அளவு என்று எப்படிச் சொல்வது? நீளத்தைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை இருக்கலாம். பாவு எவ்வளவு நீளமும் ஓடலாம், எங்கே வெட்டுவது என்பது வாங்குபவன் விருப்பம். அகலம் அப்படி இல்லை. கயிறு இழுத்து நாடாவை ஓட்டும் முறை வருவதற்கு முன், தறிக்குழியில் உட்கார்ந்த ஒருவர் வலக்கையால் எறிந்த நாடாவை இடக்கையால் பிடிக்க வேண்டும். அந்தக் கை எட்டும் தூரம்தான் துணியின் அகலத்துக்கு எல்லை. இரண்டேகால் முழம் என்பது ஒரு மனித உடம்பின் அளவு. அதை எந்தக் கும்பினியும் விதிக்கவில்லை.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு இடம் என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் சொல்கிறேன். ஆப்பிரிக்க நாடுகளின் நிலைத்த பொருளியல், சமூக வளர்ச்சிக்கான பன்னாட்டுக் கூட்டு என்ற பேச்சில் இந்தியாவின் பங்கை 2008ஆம் ஆண்டு தில்லியில் கூடிய இந்திய-ஆப்பிரிக்க மன்ற உச்சிமாநாட்டிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. வரலாற்றில் பின்னோக்கிப் போகிறவர்கள் இரு பாதைகளில் போகிறார்கள். ஒரு பாதைக்கு, புதுச்சேரிக்கும் செனகலுக்கும் இடையே நடந்தது பேரரசு தன் இரு குடியேற்றங்களைத் தன் லாபத்துக்குக் கட்டிப்போட்ட கதை. அண்மைக் காலத்தில் செல்வாக்குப் பெற்ற இன்னொரு பாதை, ஆப்பிரிக்க நுகர்வோரின் சுவையே இந்திய நெசவை இயக்கியது என்று கண்டு, இதைத் தெற்கு நாடுகளின் பழைய கூட்டுறவு என்று கொண்டாடுகிறது. முதல் பாதையில் இரு முனைகளிலும் இருந்தவர்களுக்குக் கையே கிடையாது. இரண்டாவதில் ஒரு முனைக்கு மட்டும் கை உண்டு. இரு பாதைகளும் தறியைத் தாண்டிப் போய்விடுகின்றன.

இனி எடை. 2.3 கிலோவைச் சென்னை வீசைக்கு மாற்றினால் ஒன்றரையும் வராது, இரண்டும் வராது. பலத்துக்கு மாற்றினால் ஏறக்குறைய 65 வருகிறது. நெசவுக் கணக்கில் பொருள் உள்ள எண்ணாக அது எனக்குத் தோன்றவில்லை. நீளமும் அகலமும் இவ்வளவு ஒழுங்காக முழத்துக்குள் அடங்கும்போது எடை மட்டும் அடங்காமல் நிற்பது கவனிக்கத் தக்கது. அது வேறு வாயிலிருந்து வந்த சொல்.

யாருடைய வாய்? செனகல் ஆற்றின் வடகரைப் பாலையில் திரார்சா, பிராக்னா மூர் மக்கள் வேலமர இனத்தைச் சேர்ந்த மரங்களின் பிசினைச் சேகரித்து ஆற்றுத்துறைகளுக்குக் கொண்டுவருவார்கள். செயின்ட் லூயி நகர வணிகர் அதற்கு ஈடாக நீலத்துணி கொடுப்பார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவில் துணி அச்சிடும் ஆலைகளில் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. ஆக நம் துணி அங்கே பிசினாகி, பிசின் இன்னொரு கண்டத்தில் இன்னொரு துணியின் மேல் பூவாகியது. கினித்துணி அங்கே உடை, அதோடு பணமும்கூட. கடன், தண்டம், காணிக்கை எல்லாம் உருப்படிக் கணக்கில் நடந்தன. பணம் என்றால் நம்பகம் வேண்டும். வாங்குபவர் துணியை முகர்ந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், மினுக்கத்தைப் பார்த்தார். நீலம் தோலில் ஒட்டுவது குறையாகக் கருதப்படவில்லை, விரும்பப்பட்டது. ஐரோப்பாவில் செய்த போலிகள் பல காலம் அங்கே விலைபோகாததற்கு அந்த மணம் அவற்றில் இல்லாதது ஒரு காரணம்.

அந்த மணம் எங்கிருந்து வந்தது என்பதை நம் பக்கத்திலிருந்துதான் சொல்ல முடியும். தென்னிந்திய நீலத்தொட்டியில் அவுரிநீலத்தோடு சுண்ணாம்பும், வேகவைத்த தகரை விதையும் சேர்ப்பார்கள். தகரை புளித்துத் தொட்டி பொங்கினால்தான் நீலம் கரைந்து நூலில் ஏறும். புளிப்பும் சுண்ணாம்பும் அவுரியும் கலந்த நெடி துணி காய்ந்த பிறகும் போகாது. பிறகு துணியைக் கட்டையால் அடித்து மினுக்கேற்றுவார்கள். சாயக்காரருக்குத் தொட்டி சரியாகப் பழுத்ததா என்று சொல்வதும் மூக்குதான். ஆக, தொட்டியருகே நின்ற சாயக்காரரும் ஆற்றுத்துறையில் நின்ற பிசின் வணிகரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை என்றாலும் ஒரே புலனால் ஒரே பொருளைச் சோதித்தார்கள். கூட்டு என்ற சொல்லுக்கு இந்த வரலாற்றில் ஏதாவது பொருள் இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

நான் இதை எழுதும் மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச்சந்தை கூடுகிறது. வாங்க வந்தவர் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார், திமிலைத் தட்டுவார், நாலு அடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார். தராசு கொண்டுவருபவர் யாரும் இல்லை. கை அறிந்த தரத்தை எழுத்தில் வைக்கச் சொன்னால் அவர் திணறிப்போவார். 1843இல் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு நேர்ந்ததும் அதுவே என்று கருதுகிறேன். 1830களின் இறுதியில் பிசின் வணிகம் நெருக்கடியில் இருந்தது. செயின்ட் லூயி இடைவணிகர்கள் கடனில் மூழ்கியிருந்தார்கள். மெல்லிய, மட்டமான துணி வருகிறது என்ற குறை ஆற்றிலிருந்து எழுந்தது. மணத்தை ஆணையில் எழுத முடியாது, மினுக்கத்தையும் கைத்தொடுகையையும் எழுத முடியாது. எழுத முடிந்தது எடை ஒன்றுதான். 2.3 கிலோ என்பது பாலைவனத்தார் தீர்ப்பின் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு என்பதாலேயே அது குறைபட்டது.

குறை எப்படி வெளிப்பட்டது என்பதை எந்த நெசவுக் குடும்பமும் சொல்லும். கஞ்சி ஏற்றினால் எடை ஏறும். பாவுக்கு இடும் கஞ்சி நூலை வலுப்படுத்துவதற்கு. துணிக்கு மிகையாக ஏற்றும் கஞ்சி தராசை ஏமாற்றுவதற்கு. மூக்கையும் கையையும் ஏமாற்ற முடியாதவர் தராசை எளிதில் ஏமாற்றலாம். அதைவிடப் பெரிய விளைவு இன்னொன்று. தரம் எண்ணாக மாறிய அன்றே, அந்த எண்ணை யார் நிறைவேற்றினாலும் போதும் என்றாகிவிட்டது. சீரான தடிப்பில் நூல் தரும் ஆலைக்கு அது சாதகம். புதுச்சேரியில் 1820களின் இறுதியிலேயே பிரெஞ்சு முதலீட்டில் இயந்திர நூற்பாலை வந்துவிட்டது. பின்னாளில் சவானா ஆலை என்று அறியப்பட்டது அதுதான். ஆணை ஆலைக்காக எழுதப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆணையின் மூன்றாவது எண் ஆலையின் மொழியில் எழுதப்பட்டிருந்தது.

முத்திரை பற்றியும் ஒரு சொல். பேரரசுத் திணிப்பு என்ற வாசிப்புக்கு முத்திரைதான் பெரிய சான்று. அது பிரெஞ்சு மண்ணின் துணியைப் பிற மண்ணின் துணியிலிருந்து பிரிப்பதற்கு என்கிறார்கள். இந்த மண்ணில் நின்று பார்த்தால் அந்தப் பிரிவு நிற்காது. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் பேருந்து வில்லியனூரைத் தாண்டிக் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது, திருபுவனையிலும் மதகடிப்பட்டிலும் மறுபடி புதுச்சேரி, வளவனூரில் மறுபடி தமிழ்நாடு. இன்று மாநில எல்லையாக இருப்பது அன்று பிரெஞ்சு, ஆங்கில ஆட்சிகளின் எல்லை. பாவு ஓர் ஆட்சியிலும் சாயம் மற்றோர் ஆட்சியிலும் ஆவது இங்கே இயல்பு. செனகல் வணிகப் பட்டியல்களில் கினித்துணி வகைகளின் பெயர்களாக ‘சேலம்’ என்பதும் ‘ஒரேயாபாலேயோன்’ போன்ற ஒலிப்பில் இன்னொன்றும் வருகின்றன. பின்னதை உடையார்பாளையம் என்றே படிக்கிறேன். மாற்றுவாசிப்பு தருபவர் இருந்தால் கேட்கக் காத்திருக்கிறேன். இரண்டும் ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி ஊர்கள். அந்தத் துணி புதுச்சேரித் தொட்டியில் நீலம் ஏறியதும் பிரெஞ்சுத் துணியானது. ஆற்றுத்துறையில் பெயர் சொல்லிக் கேட்கப்பட்டது பிரெஞ்சு முத்திரை இட்ட துணி என்பதைவிட, நம் ஊர்ப் பெயர் ஏந்திய துணி என்பதே அந்தப் பட்டியல்கள் காட்டும் உண்மை.

நுகர்வோர் சுவையைக் கொண்டாடும் புதிய மரபுக்கும் இங்கே ஒரு தடை சொல்ல வேண்டியிருக்கிறது. அளவு நெசவாளியுடையது, தரத்தீர்ப்பு மூர் மக்களுடையது. விலை இரண்டு பேருடையதும் இல்லை. ஓர் உருப்படிக்கு எவ்வளவு பிசின் என்பதைச் செயின்ட் லூயியிலும், ஓர் உருப்படிக்கு எவ்வளவு கூலி என்பதைப் புதுச்சேரியிலும் வணிகர் தீர்மானித்தார்கள். அந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு இரு முனைகளிலும் யாருக்கும் கிடைக்கவில்லை. 1877இல் செனகலில் பிற நாட்டுக் கினித்துணி மேல் கூடுதல் தீர்வை விதிக்கப்பட்டபோது அதன் பயனை முதலில் பெற்றவை புதுச்சேரி ஆலைகள். கைத்தறியாளர் பங்கு சிறிது. சமூகப் பயன் என்று ஒன்று வந்தது அதற்கும் வெகுநாள் கழித்து, அதுவும் போராடிப் பெற்றது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 ஆலைத் தொழிலாளர்கள் இறந்த பிறகே எட்டு மணி நேர வேலை சட்டமானது.

இன்றைக்கு வருவோம், சுருக்கமாக. பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கு பருத்தி நாடுகள் 2003இல் உலக வணிக அமைப்பில் பணக்கார நாடுகளின் பருத்தி மானியத்துக்கு எதிராகக் குரல் எழுப்பின. இந்தியா 2012இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பருத்தித் தொழில்நுட்ப உதவித் திட்டம் இந்த நான்கையும் நைஜீரியா, உகாண்டா, மலாவி ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. நல்ல முயற்சி, அதைக் குறைத்துப் பேசும் நோக்கம் எனக்கு இல்லை. கினித்துணி வரலாறு அத்தகைய திட்டங்களிடம் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட அளவுகோல் யாருடைய கையிலிருந்து வந்தது? பயிற்சி பெற்றவர் தொகை, ஏக்கருக்கு விளைச்சல், வழங்கிய இயந்திரங்கள் என்ற எண்கள் 2.3 கிலோவின் இனத்தைச் சேர்ந்தவை. மாலி உழவர் தம் பருத்தியை எப்படித் தொட்டுப் பார்த்துத் தரம் சொல்கிறார் என்பது 36 முழத்தின் இனம். அதை அறியாமல் வகுக்கும் கூட்டில் ஏதோ ஒரு முனைக்குக் கை இருக்காது.

என் வாசிப்பைச் சோதிக்க ஆவணக் காப்பகம் மட்டும் போதாது, பொருட்சான்று வேண்டும். தறியின் அச்சு அகலத்தைச் சொல்லும். வில்லியனூர், பாகூர், திருபுவனை, மதகடிப்பட்டு வட்டாரத்திலும் சேலம், உடையார்பாளையம் பக்கத்திலும் பழைய நெசவுக் குடும்பங்களின் பரணில் கை நாடாக் காலத்து அச்சு ஒன்று கிடக்கலாம். பாவு கட்டிய முழக்கோலோ கூலிக் கணக்கோலையோ கிடக்கலாம். அவற்றை விறகாக்கிவிடாதீர்கள். அச்சு வைத்திருப்பவர்கள் அதன் அகலத்தை அளந்து, ஊர்ப் பெயரோடு இவ்விதழுக்கு எழுதுங்கள். இரண்டேகால் முழத்துக்குப் பொருந்தாத அச்சு கிடைத்தாலும் எழுதுங்கள். அதையும் இதே பக்கங்களில் வெளியிடக் கேட்டுக்கொள்வேன்.