குளிர்நீரும் எதிர்ப்பாற்றலும்: தாம்பரத்தை முன்வைத்து ஒரு விவாதம்

தினமும் ஜில்லென்ற தண்ணீரில் குளித்தால் உடம்பு உரமேறும், சளியும் காய்ச்சலும் அண்டாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் நம்பிக்கை. ஐஸ் நிரப்பிய தொட்டியில் இறங்கும் வழக்கம் உடற்பயிற்சி ஆர்வலர்களிடையே பரவியபின் அதே நம்பிக்கை அறிவியல் மொழியில் பேசத் தொடங்கியிருக்கிறது. இதில் இரண்டு கூற்றுகள் ஒன்றாகப் பிணைந்துள்ளன. குளிருக்கு உடல் பழகும் என்பது ஒன்று. அப்படிப் பழகிய உடல் நோயையும் எதிர்க்கும் என்பது மற்றொன்று. முதலாவது, ஒரு குறுகிய பொருளில், மெய்ப்பிக்கப்பட்டது. இரண்டாவது முதலாவதன் நிழலில் ஒதுங்கி நிற்கிறதே தவிர, அதற்கெனத் தனிச் சான்று மிகக் குறைவு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கச் சென்னைப் புறநகரான தாம்பரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழகத்தில் இல்லை என்பேன். குளிரால் உடலை வலுப்படுத்தும் ஐரோப்பிய மருத்துவ மரபின் ஒரு கிளை இங்கேதான் வேரூன்றியது. அந்த மரபுக்கு வேண்டிய குளிர் இங்கே இல்லை.

அம்மரபின் தொடக்கம் 19-ஆம் நூற்றாண்டு. சிலேசியாவின் மலைக்கிராமமான கிரேஃபன்பெர்க்கில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி ஊற்றுநீரைக் கொண்டு நோய் தீர்க்கப் புகுந்தார். அவ்வழியை ஒட்டி ஹெர்மன் பிரேமர், கெர்பர்ஸ்டோர்ஃபில் நிறுவிய காசநோய் இல்லத்தில் மலைக்காற்று, நடை, நிறைந்த உணவு ஆகியவற்றோடு குளிர்நீர்த் தாரையையும் சிகிச்சையில் சேர்த்தார். ஜன்னல்களை மூடாமல் நோயாளியைத் திறந்தவெளிக் குளிரில் வைத்திருக்கும் சானடோரியம் முறை இதிலிருந்து வளர்ந்தது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இம்முறையில் சானடோரியம் நடத்திய தமிழ் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து, கிருமியைவிட உடலின் எதிர்ப்பாற்றலுக்கே முதலிடம் தந்தவர். 1917-இல் கணித மேதை இராமானுஜன் அவரிடம் சிகிச்சை பெற்றார். இங்கிலாந்துச் சானடோரிய நாட்களில் இராமானுஜன் எழுதிய கடிதமொன்று, கணப்பு மறுக்கப்பட்ட திறந்த அறையில் குளிரால் நடுங்கியதை வேதனையோடு சொல்கிறது. 1919-இல் நாடு திரும்பிய அவர், அடுத்த ஆண்டு சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு இருந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோய் என்று பிற்கால ஆய்வு ஒன்று வாதிட்டது. ஒருவரின் கதை எதையும் நிறுவிவிடாது. ஆயினும், குளிர் பொதுவான வலிமை தரும் என்ற எண்ணம் எவ்வளவு எளிதாக நோயறிதலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அது காட்டுகிறது.

1928-இல் சௌரிமுத்து தாம்பரத்தில் பன்னிரண்டு படுக்கைகளோடு காசநோய் இல்லத்தைத் தொடங்கினார். பின்னர் அரசு மருத்துவமனையாக வளர்ந்து, ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயரைத் தந்த நிறுவனம் அதுதான். மெண்டிப்பிலிருந்து திறந்தவெளியும் ஓய்வும் உணவும் இங்கே வந்தன, குளிர் வரவில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் 1905-இல். தாம்பரம் இல்லம் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த சான்று இன்னும் வலுவானது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் கீமோதெரபி மையம், ஒரே மருந்துகளை உட்கொண்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களுக்கு இட நெருக்கடி. உணவும் ஓய்வும் குறைவு. இருந்தும் ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய சமமாகத் தேறியிருந்தனர். 1959-இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அது குளிரைச் சோதித்த ஆய்வல்ல. ஆனால் சூழலைக் கொண்டு உடலை உரமேற்றி நோயை வெல்லலாம் என்ற முழுக் கோட்பாடும், முறையான ஒப்பீட்டுக்கு உட்பட்டபோது, சரியான மருந்தோடு கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை. எதிர்ப்பாற்றல் பற்றிய எந்தப் புதிய வாக்குறுதியும் அதே அளவுகோலைச் சந்திக்க வேண்டும் என்று கேட்கச் சென்னைக்குத் தனி உரிமை உண்டு.

இனி உடலியலுக்கு வருவோம். தோல் திடீரெனக் குளிரும்போது மூச்சு திணறி இழுக்கிறது, இதயம் விரைகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. இக்குளிர் அதிர்ச்சி, நீரின் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது தலைகாட்டி, 10 முதல் 15 டிகிரிக்குள் உச்சம் தொடுகிறது. அத்தகைய நீரில் சில நிமிடங்களாக ஐந்தாறு முறை இறங்கினாலே அதிர்ச்சி வெகுவாகத் தணிகிறது. உடல் குளிருக்குப் பழகுவது என்பது பெரும்பாலும் இதுதான். குளிர்நீர் தரும் அதிர்ச்சியைத் தாங்கவே அது உதவும். தாம்பரத்து நீர் எப்படிப்பட்டது? நிலத்தடி நீர் ஓர் ஊரின் ஆண்டு சராசரி வெப்பநிலையை ஒட்டியே இருக்கும். இங்கே அது ஏறத்தாழ 28 டிகிரி. மார்கழி விடியலில் காற்று 20, 21 டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது கிணற்றுநீர் வெதுவெதுப்பாகப் படுவதன் காரணம் இதுவே. மார்கழி நீராடலைக் குளிர்ப்பயிற்சிக்கு முன்னோர் தந்த சான்றாகக் காட்டுவோர் இதைக் கருதுவதில்லை. அந்நீராடலுக்கு விரதத்தின் மதிப்பு உண்டு. அதற்கு உடலியல் சான்றிதழ் தேவையில்லை.

வெப்பமண்டலத்து உடலுக்கு 25 டிகிரியே குளிர்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, குளிர் என்ற உணர்வு ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அதிர்ச்சியின் அளவைத் தீர்மானிப்பது தோல் எவ்வளவு விரைவாகக் குளிர்கிறது என்பது. உணர்வு மாறுகிற அளவுக்கு அது மாறுவதில்லை. டிசம்பரில் மாடித்தொட்டி நீர் ஓரளவு அதிர்ச்சி தரலாம், அவ்வளவே. நெதர்லாந்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு இதைவிடக் கனமான மறுப்பு. குளியலின் முடிவில் 30 முதல் 90 விநாடிகள் குளிர்நீரில் நின்றவர்கள் வேலைக்கு விடுப்பு எடுப்பது 29 விழுக்காடு குறைந்தது. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே ஆய்வில் அவர்கள் நோயுற்றிருந்த நாட்கள் குறையவில்லை. நோய் வந்தும் வேலைக்குப் போனார்கள் என்றே இதைப் படிக்க வேண்டும். மன ஊக்கம் கூடியிருக்கலாம், நோய் தடுக்கப்பட்டதாகச் சொல்ல வழியில்லை. மூச்சுப்பயிற்சியையும் குளிர்ப்பயிற்சியையும் இணைக்கும் விம் ஹோஃப் முறையில் பயின்றோருக்கு அழற்சி குறைந்ததாக 2014-இல் வந்த முடிவும் அடிக்கடி காட்டப்படுகிறது. அதே ஆய்வுக்குழு 2022-இல் கூறுகளைப் பிரித்துச் சோதித்தபோது, விளைவின் பெரும்பங்கு மூச்சுப்பயிற்சியுடையது என்றும், குளிர்ப்பயிற்சி மட்டும் போதவில்லை என்றும் தெரிந்தது. குளிர் இல்லாவிட்டால் ஐஸை விலைக்கு வாங்கலாமே என்பது எஞ்சும் வாதம். வாங்கலாம். ஆனால் அப்படி ஈட்டிய பழக்கத்தைச் செலவழிக்க இவ்வூரில் குளிர் இல்லை. ரத்த அழுத்தமோ இதயநோயோ இருப்பது தெரியாமலே ஐஸ் தொட்டியில் இறங்குபவருக்கு அந்த முதல் நிமிடம் ஆபத்தானது. தசை வளர்க்க எடைதூக்குவோர் பயிற்சி முடித்தவுடன் குளிர்நீரில் அமர்ந்தால் தசை வளர்ச்சியே குறையும் என்பதையும் 2015-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

இவ்வூரின் உடல் எதிர்கொள்வது வெப்பத்தை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. தண்ணீரின் உண்மையான மருத்துவப் பயன் இங்கேதான் தொடங்குகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உழைப்பால் உடல்வெப்பம் எகிறியவரைக் குளிர்விக்க 14 டிகிரி நீரையும் 26 டிகிரி நீரையும் ஒப்பிட்ட 2008-ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டுக்குமான வேறுபாடு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. வெப்பத்தாக்கில் சரிந்தவருக்கு ஐஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்கும்வரை காத்திராமல் நிலத்தடித் தொட்டி நீரிலேயே உடலை நனைத்து, விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதற்கு இது ஓர் ஆதாரம். ஆனால் சித்திரை வெயிலில் கருப்பு பிளாஸ்டிக் மாடித்தொட்டியின் நீர் கையைச் சுடும். அதே கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியில் உள்ள நீர் குளிர்ந்திருக்கும். சானடோரியத்தை அடுத்துள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலும், ஜிஎஸ்டி சாலையோரக் கட்டுமான இடங்களிலும் தொழிலாளர் குளிக்கும் நீர் எத்தொட்டியிலிருந்து வருகிறது, ஏப்ரல் முதல் ஜூன்வரை பிற்பகலில் அதன் வெப்பநிலை என்ன, பணி முடிந்ததும் நிலத்தடித் தொட்டி நீரில் குளித்தவரின் உடல்வெப்பம் எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்பவை ஒரு வெப்பமானியும் ஒரு கோடைப்பருவமும் இருந்தால் அளந்துவிடக் கூடியவை. அரும்பாக்கம் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியின் நீர்ச்சிகிச்சைத் துறையும் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இந்த அளவீட்டிலிருந்து தொடங்கலாம்.