ஜாகரி: ஆங்கில எழுத்தில் வெல்லம்

ஜாகரி என்பது வெல்லத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயர்ச்சொல். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே ஆங்கிலம் படிப்பவர்களில் பலருக்கு இது அறிமுகமில்லாத சொல். பழனி வட்டத்தில் உடுமலைச் சாலையில் இருக்கும் நெய்க்காரப்பட்டிக்கோ அந்தப் பொருள்தான் பிழைப்பு. சுற்றுவட்டாரக் கரும்பு, கொட்டகைகளில் சாறாகிக் கொப்பரையில் காய்ந்து, வெல்லமாகச் சந்தைக்கு வருகிறது. கேரள வியாபாரியிடம் விற்க ஆங்கிலம் வேண்டாம். ஆனால் ஏற்றுமதித் தாளிலும் பொட்டலச் சீட்டிலும் சொல் பிசகினால் சரக்கே வேறாகிவிடும்.

சர்க்கரா என்ற வடசொல்லின் வழிவந்த மலையாளச் சக்கரையைப் போர்ச்சுகீசியர் எடுத்துச் சென்றனர். அவர்களிடமிருந்து 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்துக்குப் போனது. அரபு வழியாகச் சென்ற சுகர் என்ற சொல்லுக்கும் வேர் அந்த வடசொல்லே.

இலக்கணப்படி இது எண்ண முடியாத பொருளின் பெயர். ‘ஏ ஜாகரி’, ‘டூ ஜாகரீஸ்’ என்று எழுதுவது பிழை. வினையும் ஒருமையில்தான் வர வேண்டும். எண்ண வேண்டுமானால் வடிவத்தை எண்ண வேண்டும்: அச்சு வெல்லத்துக்கு ‘டூ பிளாக்ஸ் ஆஃப் ஜாகரி’, உடைத்த கட்டிக்கு ‘ஏ லம்ப் ஆஃப் ஜாகரி’. நாட்டுச் சர்க்கரையை ‘ஜாகரி பவுடர்’ என்றால் குழப்பமில்லை. வாக்கியத்தின் இடையில் வரும்போது பெரிய எழுத்தில் தொடங்கத் தேவையில்லை.

இலக்கணத்தைவிட முக்கியமானது மூலப்பொருள். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, ஜாகரி என்பதை முதன்மையாகப் பனை வகைகளின் பதநீரில் காய்ச்சியதாகவே விளக்கியது. கூந்தற்பனைக்கு ஆங்கிலத்தில் ‘ஜாகரி பாம்’ என்றே ஒரு பெயருண்டு. இலங்கையில் அதைக் கித்துள் என்பார்கள், அங்கே கித்துள் வெல்லத்துக்குத்தான் மதிப்பு அதிகம். ஆகவே கரும்பு வெல்லத்தை ‘கேன் ஜாகரி’ என்றும் கருப்பட்டியை ‘பாம் ஜாகரி’ என்றும் பிரித்து எழுதுவதே நேர்மை. வெறும் ஜாகரி என்று மட்டும் எழுதினால், வாங்குகிறவர் எதை எதிர்பார்ப்பார் என்று சொல்ல முடியாது.

வெல்லத்தை மொலாசஸ் என்று எழுதுவது பெரும் பிழை. சாற்றிலிருந்து சீனியைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு அது. வெல்லக் கொப்பரையில் அழுக்கு நுரையை மட்டுமே வழித்தெடுப்பார்கள். பாகு முழுவதும் கட்டியிலேயே நிற்கும். ‘பிரவுன் சுகர்’ என்பதும் பொருந்தாது: கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி, சுத்திகரித்த வெள்ளைச் சீனியில் மொலாசஸ் கலந்தது. அயல்நாட்டு வாசகருக்கு எழுதும்போது, முதல் முறை மட்டும் ‘அன்ரிஃபைண்ட் கேன் சுகர்’ என்ற விளக்கத்தைச் சேர்த்துவிட்டு, பிறகு ஜாகரி என்றே தொடரலாம்.