மேசைமேல் கன்னொறுவைப் போர்

மேசையொன்றின்மேல் மலையும் ஆறும் காடும் அமைத்து, ஓர் அங்குல உயரமே உள்ள பொம்மைப் போர்வீரரை அணிவகுத்து நிறுத்தி, என்றோ நடந்து முடிந்த போரை மீண்டும் நடத்திப் பார்க்கும் பழக்கமொன்று உலகில் உண்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் அறுபத்துநான்கு கட்டங்களுள் அடக்கிய சதுரங்கத்தை அறிந்த நமக்கு இது முற்றிலும் புதியதன்று. 1824ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பிரஷிய அதிகாரி, நிலப்படத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்தியும் பகடை உருட்டியும் படை அதிகாரிகளைப் பயிற்றும் முறையொன்றை வெளியிட்டார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் போருக்கு விதிகள் வகுத்து 1913இல் ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டே உலகப் பெரும்போர் மூண்டது.

வாட்டர்லூ போன்ற புகழ்பெற்ற போர்கள் இவ்வாறு மேசைமேல் பலமுறை நடந்துள்ளன. நம் நாட்டுப் போரொன்றை இம்முறையில் ஆடிப் பார்த்தால் நமக்குத் தெரிய வருவது என்ன?

வட்டகொடைப் பக்கத்து மலைச்சரிவுகளில் பெய்யும் மழைநீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, மகாவலி கங்கையுடன் கலந்து, கம்பளையைக் கடந்து பேராதனைக்கு வருகின்றது. அங்கே கங்கையின் மறுகரையில் உள்ள ஊர் கன்னொறுவை. 1638ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் தேதி, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் படையும் போர்த்துக்கேயத் தளபதி தியோகோ தெ மெலோவின் படையும் அவ்விடத்தே பொருதன. போருக்கு முந்திய ஆண்டிலேயே இராசசிங்கன் பழவேற்காட்டிலிருந்த ஒல்லாந்தருக்குத் தூது அனுப்பி உதவி நாடியிருந்தான். தியோகோ தெ மெலோ முந்திக்கொண்டு கண்டிமேல் படையெடுத்தான். நகரில் ஆளில்லை. வெறும் நகருக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பிய படை, கன்னொறுவையில் கண்டியரால் வளைக்கப்பட்டது. தளபதி அங்கேயே மாண்டான்.

இதை மேசைமேல் அமைக்கும்போது முதலில் எதிர்ப்படும் சிக்கல் காடு. மேலிருந்து நோக்கும் ஆட்டக்காரருக்கு எல்லாம் தெரியும். தியோகோ தெ மெலோவுக்கோ மரங்களுக்கப்பால் எவர் நிற்கின்றனர் என்பது தெரியாது. ஆதலின் கண்டிப் படையின் பொம்மைகளைத் தொடக்கத்தில் மேசைமேல் வைத்தலாகாது. அவை நிற்கும் இடங்களை நடுவர் தாளில் குறித்துக்கொண்டு, எதிரி அணுகியபின்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும். துப்பாக்கியும் கவசமும் உடைய படை ஏன் தோற்றது என்பது இவ்விதி ஒன்றினாலேயே பாதி விளங்கிவிடும்.

இரண்டாவது சிக்கல் எண்ணிக்கை. போர்த்துக்கேயர் 700 பேர் என்றும் 900 பேர் என்றும் கூறுவர். அவர்களோடு சென்ற சுதேசப் படையினரான லஸ்கரின்களை 5,000 என்பாரும் உளர். 28,000 என்பாரும் உளர். ஐம்பது பேருக்கு ஒரு பொம்மை என்று கொண்டால் போர்த்துக்கேயருக்குப் பதினான்கு முதல் பதினெட்டுப் பொம்மைகள் போதும். லஸ்கரின்களுக்கோ நூறும் வேண்டியிருக்கலாம், ஐந்நூற்றறுபதும் வேண்டியிருக்கலாம். நூலில் படிக்கும்போது இந்த வேறுபாட்டை எளிதில் கடந்துவிடுகின்றோம். பொம்மையை எண்ணி வைக்கும்போது அவ்வாறு கடந்துவிட முடியாது. எக்கணக்கைக் கொண்டாலும் 'போர்த்துக்கேயர் படை' என்று நாம் வழங்கும் படையில் மிகப் பெரும்பாலோர் போர்த்துக்கேயர் அல்லர் என்பது கண்முன் நிற்கும்.

மூன்றாவது சிக்கலே எல்லாவற்றினும் பெரியது. இந்த லஸ்கரின்கள் யார் பக்கம்? தம் பக்கம் வந்துவிடுமாறு இராசசிங்கன் முரசறைந்து அவர்களை அழைத்தான் என்றும், பலர் போர்த்துக்கேயரைக் கைவிட்டுச் சென்றனர் என்றும் கூறுவர். ஆகவே மேசைமேல் நிற்கும் பொம்மைகளில் ஒரு பகுதி ஆட்டத்தின் நடுவே பக்கம் மாற வேண்டும். எத்தனை மாற வேண்டும்? எப்பொழுது மாற வேண்டும்? பகடையை உருட்டி முடிவு செய்யலாம். ஆனால் பகடை எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கின்றான். ஊதியம் தருபவன் ஒருவன், நாட்டின் அரசன் மற்றொருவன், ஊரில் குடும்பம், சுற்றிலும் இருண்ட காடு. அந்த மனிதன் அன்றிரவு எண்ணியதை எவரும் எழுதி வைக்கவில்லை.

போரின் முடிவில் எஞ்சிய போர்த்துக்கேயர் 33 பேர் என்று சொல்லப்படுகின்றது. ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்கள் ஒரு பொம்மைக்கும் ஈடாகார். அப்பக்கத்துப் பொம்மைகள் அனைத்தையும் எடுத்துவிட வேண்டியதுதான். ஆயினும் அந்த 33 என்ற எண்ணாவது நமக்குக் கிடைத்திருக்கின்றது. மாண்ட லஸ்கரின்களுக்கும், கண்டியின் காலாட்களுக்கும், சுமை தூக்கிச் சென்றவர்களுக்கும் அத்தகைய கணக்கு இல்லை.

கன்னொறுவைக்குப் பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்து இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்தனர். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின. போர்த்துக்கேயரை விரட்ட வந்தவர்கள் தாமே கரையோரத்துக்கு அதிபதிகளாயினர். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் கோப்பித் தோட்டம் அமைத்ததும் இதே கன்னொறுவையில்தான். அக்காலத்தில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச் செய்கையே தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரை மலைநாட்டுக்குக் கொணர்ந்தது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்களுள் வழியில் மடிந்தோர் பலர். அவர்களுக்கும் சரியான கணக்கு இல்லை.

ஆதலால் நேயர்களே, விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டியதில்லை. வட்டகொடையின் பள்ளிக்கூட மேசையொன்றிலும் இதைச் செய்து பார்க்கலாம். பச்சைத் துணியின் அடியில் புத்தகங்களை அடுக்கினால் மலை, நீல நூலொன்று கங்கை, புளியங்கொட்டைகள் படைகள். மாணவர் இருபக்கமாய்ப் பிரிந்து ஆடட்டும். கண்டி வெல்லலாம், தோற்கவும் செய்யலாம். ஆட்டம் முடிந்தபின், மேசையிலிருந்து எடுத்த கொட்டைகளை எண்ணி, அவற்றுள் எத்தனைக்குச் சரித்திரத்தில் பெயரோ கணக்கோ உண்டு என்று ஆசிரியர் ஒருமுறை கேட்கட்டும்.