கடன் இடம்பெயர்ந்த வரலாறு: ஹவாலா முதல் கடன் அட்டை வரை

‘ஹவாலா’ என்னும் சொல்லை இன்று நாளிதழ்களில் காண்போர், சட்டத்தின் கண்ணுக்குத் தப்பிப் பணம் கைமாறும் முறையையே நினைவுகொள்வர். அச்சொல்லின் பழைய பொருள் வேறு. ஒருவர் மீதுள்ள கடன் பொறுப்பை மற்றொருவர் மீது மாற்றுவது என்பதே இஸ்லாமியச் சட்டவியலில் அதன் பொருள். கடன் அட்டையின் நிலுவையை ஒரு வங்கியிலிருந்து தம் வங்கிக்கு மாற்றிக்கொள்ளுமாறு இன்றைய வங்கிகள் விடுக்கும் அழைப்பைப் படிக்கும்போது இப்பழைய சொல் நம் நினைவுக்கு வருகிறது. இரண்டிலும் கடன் இடம்பெயர்கிறது. இடம்பெயரும்போது அக்கடன் என்னவாகிறது என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டின் வரலாற்றை இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

நாணயம் கைமாறாமலே வணிகம் நடத்துவது நம் காலத்தின் கண்டுபிடிப்பன்று. 10ஆம் நூற்றாண்டுப் பயணியான இப்னு ஹவ்கல், சகாராவின் தென்விளிம்பிலிருந்த அவ்தகஸ்த் நகரில் 42,000 தீனாருக்கான ‘ஸக்’ என்னும் கடன் பத்திரத்தைக் கண்டதாகப் பதிவு செய்துள்ளார். ‘செக்’ என்னும் சொல்லுக்கு இதுவே மூலம் எனக் கருதும் அறிஞர் உளர். 11ஆம் நூற்றாண்டின் நடுவில் பஸராவுக்குச் சென்ற நாஸிர் குஸ்ரோ, அந்நகர வணிகர்கள் தம் செல்வத்தை நாணய மாற்றுநரிடம் ஒப்படைத்துச் சீட்டுப் பெற்று, ஊரில் இருக்கும் வரை அச்சீட்டைக் கொண்டே பொருள் வாங்கியதை வியந்து எழுதினார். ஆனால் அங்கே முதலில் பொருள் ஒப்படைக்கப்பட்டது. பிறகே சீட்டு வழங்கப்பட்டது. வணிகரின் இருப்பே அவர் செலவின் எல்லையாக இருந்தது.

கடனை மாற்றுவதற்குச் சட்ட அறிஞர்கள் நுட்பமான விதிகளை வகுத்தனர். வசதியுள்ளவர் கடனைத் திருப்பாமல் காலம் கடத்துவது அநீதி என்றும், வசதியுள்ள ஒருவர் மீது கடன் மாற்றப்பட்டால் கடன் கொடுத்தவர் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் உணர்த்தும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. பொறுப்பேற்றவர் பின்னர் ஏதுமின்றி இறந்துவிட்டால் கடன் கொடுத்தவர் முதல் கடனாளியிடம் திரும்பலாம் என்பது ஹனஃபி சட்டப்பள்ளியின் கருத்து. திரும்ப இயலாது என்பது ஷாஃபிஈ சட்டப்பள்ளியின் கருத்து. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டத்தொகுப்பு ஹவாலாவுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியது. கருத்து வேறுபாடுகள் பல இருப்பினும் ஒன்றில் அனைவரும் உடன்பட்டனர்: நூறு தீனார் கடன் இடம்மாறினால், மாறிய இடத்திலும் அது நூறு தீனாரே.

இனி அமெரிக்காவை நோக்குவோம். 1950இல் தோன்றிய டைனர்ஸ் கிளப் அட்டையில் செலவு முழுவதையும் மாதந்தோறும் தீர்த்தாக வேண்டும். 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகர மக்களுக்கு, அவர்கள் கேளாமலே சுமார் 60,000 அட்டைகளை அஞ்சலில் அனுப்பியது. கடன் வரம்பு 300 டாலர் முதல் 500 டாலர் வரை. நிலுவையை அடுத்த மாதத்திற்குத் தள்ளலாம். தள்ளினால் வட்டி உண்டு. வங்கி எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கணக்குகள் தவணை தவறின. முதலாண்டுகளில் பெரும் நட்டம் ஏற்பட்டது. எனினும் அம்முறை வேரூன்றியது. கேளாதவர்க்கு அட்டை அனுப்புவதை 1970இல் சட்டம் தடுத்தது.

அப்போதும் ஒரு தடை எஞ்சியிருந்தது. வட்டிக்கு உச்சவரம்பு விதிக்கும் பழஞ்சட்டங்கள் பல மாநிலங்களில் உயிரோடிருந்தன. மின்னசோட்டாவில் 12 விழுக்காடு. நெப்ராஸ்காவில் குறிப்பிட்ட தொகை வரை 18 விழுக்காடு. நெப்ராஸ்கா வங்கியொன்று மின்னசோட்டா மக்களிடம் 18 விழுக்காடு வாங்கலாமா என்ற வழக்கில், வங்கி அமைந்துள்ள மாநிலத்தின் சட்டமே செல்லும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் விளைவு விரைவில் வெளிப்பட்டது. 1980இல் தெற்கு டகோட்டா தன் வட்டி வரம்பை நீக்கியது. நியூயார்க்கின் வரம்பால் நட்டமடைந்திருந்த சிட்டி வங்கி தன் அட்டைப் பிரிவை அம்மாநிலத்தின் சூ ஃபால்ஸ் நகருக்கு மாற்றியது. 1981இல் டெலவேரும் அதே வழியில் சென்றது. கடன் இடம்பெயர்வதற்கு முன் கடன் கொடுப்போர் இடம்பெயர்ந்தனர் என்பது இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி.

1990களின் தொடக்கத்தில் விர்ஜினியாவின் சிக்னெட் வங்கி, பிற வங்கிகளில் நிலுவை வைத்திருந்தோரைக் குறைந்த தொடக்க வட்டி காட்டித் தன்பால் ஈர்த்தது. அங்கிருந்து 1994இல் பிரிந்த கேப்பிடல் ஒன் நிறுவனம் அவ்வழியிலேயே வளர்ந்தது. இங்கு ஒரு சட்ட நுட்பம் உண்டு. ஹவாலாவில் கடன் கொடுத்தவர் அவரே, கடனாளி மாறுகிறார். நிலுவை மாற்றத்திலோ கடனாளி அவரே; கடன் கொடுத்தவர் மாறுகிறார். ஆகவே இது பழங்கடனின் மாற்றமன்று, புதுக்கடன் ஒன்றால் பழங்கடனை அடைப்பதே ஆகும்.

அக்காலத்தில் பரவலாயிருந்த ஒரு வழக்கம் வெளியே தெரியாதது. குறைந்த வட்டியில் மாற்றிய நிலுவையுள்ள அட்டையிலேயே ஒருவர் புதுப்பொருளும் வாங்கினால், அவர் செலுத்தும் பணம் முதலில் குறைந்த வட்டிப் பகுதிக்கே வரவு வைக்கப்பட்டது. உயர்வட்டிப் பகுதி தீண்டப்படாமல் வளர்ந்தது. 2009 மே மாதம் இயற்றப்பட்ட சட்டமே, குறைந்தபட்சத் தொகைக்கு மேல் செலுத்துவது உயர்வட்டிப் பகுதிக்கே சேரவேண்டும் என்றும், சலுகை வட்டி குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும் என்றும் பணித்தது.

நம் நாட்டு நிலையும் எண்ணத்தக்கது. 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அட்டை வட்டி முறையற்ற வணிகம் எனத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கூறியதை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கியது. அட்டைதாரரின் இசைவின்றிக் கடன் வரம்பை உயர்த்தலாகாது என்பது ரிசர்வ் வங்கி 2022இல் விதித்த நெறி.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய் நிலுவைக்கு மாத வட்டி 3.5 விழுக்காடு எனில், ஆண்டுக்கு 42 விழுக்காடு. ஒருவர் 5,000 ரூபாய் செலுத்தினால் 3,500 வட்டிக்குப் போகும். அசலில் குறைவது 1,500 மட்டுமே. அதனையே 3 விழுக்காடு கட்டணத்தில் ஆறு மாத வட்டியில்லாச் சலுகைக்கு மாற்றினால் கடன் 1,03,000 ஆகும். மாதம் சுமார் 17,170 செலுத்துபவருக்கு அது விடுதலை. முன்போலவே 5,000 செலுத்துபவருக்குச் சலுகை முடியும் நாளில் 73,000 எஞ்சி நிற்கும். பழைய வட்டியும் திரும்பும். இதற்கிடையில் வெறுமையான பழைய அட்டையின் வரம்பு மீண்டும் அவரை அழைக்கும். அதற்கு இணங்கினால் ஒரு கடன் இரண்டாகும்.

அறியாமைக் கால அரபகத்தில் தவணை முடிந்ததும் ‘அடைக்கிறாயா, கூட்டித் தருகிறாயா’ என்று கடனாளியைக் கேட்டனர் என இமாம் மாலிக் பதிவு செய்துள்ளார். அவ்விரண்டாம் வழியைத் திருமறை அடைத்தது; இடர்ப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரப் பணித்தது. 2000ஆம் ஆண்டு ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, தாமத வட்டி நிபந்தனையுள்ள கடன் அட்டை ஆகாது எனத் தீர்மானித்தபோது மனத்திற்கொண்டதும் இதனையே.

ஒவ்வொரு மாதமும் நம் இல்லம் தேடி வரும் அட்டைக் கணக்கில் ‘மொத்த நிலுவை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என இரு எண்கள் அச்சிடப்பட்டுள்ளன. அப்பழைய கேள்வியே அங்கு இரு எண்களாக நிற்கிறது. எந்த எண்ணைத் தேர்கிறோமோ, அதுவே நம் விடை.