தபரீ இமாமின் உணவுத் தட்டும் எழுதுகோலும்

கல்விக்காகப் பசி தாங்கிய பெரியோர்களின் வரலாறுகளை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அவை உண்மை வரலாறுகளே. ஆயினும் அவற்றைக் கேட்டு வளரும் பிள்ளை, பசித்துக் கிடப்பதே அறிவுக்கு வழி என்று எண்ணிவிடக் கூடாது. காலை உணவைக் கைவிட்டு, இரவெல்லாம் தேநீரும் பிஸ்கட்டுமாய் விழித்திருந்து, தலைவலியோடு தேர்வெழுதச் செல்லும் பிள்ளைகளை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே, நன்றாக உண்டு நெடுங்காலம் எழுதிய ஒரு பேரறிஞரின் அன்றாட வாழ்வையும் இங்கே நினைவுகூர்வோம்.

இமாம் முஹம்மத் இப்னு ஜரீர் அத்தபரீ (ரஹ்) ஹிஜ்ரி 224இல் தபரிஸ்தானின் ஆமுல் நகரில் பிறந்தார்கள். ஹிஜ்ரி 310இல், அதாவது கி.பி. 923இல், பக்தாதில் மறைந்தார்கள். குர்ஆன் விரிவுரையும் உலக வரலாறும் அவர்களின் பெருநூல்கள். நாற்பது ஆண்டுகள் நாளொன்றுக்கு நாற்பது தாள்கள் வீதம் எழுதினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

பசியை அவர்கள் அறியாதவர்களல்லர். இளமையில் மிஸ்ர் நாட்டில் கல்வி பயின்றபோது, முஹம்மத் என்றே பெயர் கொண்ட வேறு மூன்று அறிஞர்களுடன் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். கையிருப்புத் தீர்ந்து நால்வரும் பட்டினியாயினர். யார் வெளியே சென்று உணவு கேட்பது என்று சீட்டுப் போட்டபோது, அது இப்னு குஸைமா (ரஹ்) அவர்கள் மீது விழுந்தது. அவர்கள் தொழுகையில் நின்றிருந்த வேளையில் ஆளுநரின் ஆள் பணமுடிப்புகளுடன் கதவைத் தட்டினார் என்பது புகழ்பெற்ற நிகழ்ச்சி. மற்றொரு முறை, தந்தையாரிடமிருந்து வரவேண்டிய பணம் தாமதமானதால், சட்டையின் கைகளைப் பிரித்து விற்றுச் செலவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தப் பசி அவர்களுக்கு நேர்ந்த சோதனை. அவர்களாகத் தேர்ந்துகொண்ட வாழ்க்கைமுறை அன்று. பக்தாதில் நிலைபெற்றபின் தம் உணவை அவர்கள் ஒழுங்குபடுத்திய விதத்தை யாகூத் அல்ஹமவீ தமது அறிஞர் வரலாற்று நூலில் பதிந்துள்ளார். கொழுப்பைத் தவிர்த்து, கொழுப்பில்லாத சிவந்த இறைச்சியை உலர்ந்த திராட்சையுடன் சமைத்து உண்பார்கள். பருவத்தில் திராட்சையும் அத்திப்பழமும் உண்பார்கள். எள் வயிற்றைக் கெடுக்கும் என்று அதை விலக்கினார்கள்.

பேரீச்சம்பழம் கண்ணுக்கும் பல்லுக்கும் கேடு என்பதும் அவர்களின் சொந்த மருத்துவக் கருத்து. வாழ்நாளெல்லாம் அதை உண்டும் தமக்கு ஒன்றும் நேரவில்லை என்று நண்பர் ஒருவர் மறுத்தார். அவருக்கோ பற்கள் விழுந்து, பார்வையும் மங்கியிருந்தது. இதற்குமேல் அந்தப் பழம் உமக்கு என்ன செய்ய வேண்டும் என்னும் பொருள்பட இமாம் கேட்டார்களாம். இதை மார்க்கச் சட்டமாக யாரும் கொள்ளத் தேவையில்லை. பேரீச்சம்பழம் நம் நபி (ஸல்) அவர்கள் விரும்பி உண்ட உணவு. தம் உடலுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை அவ்வறிஞர் கவனித்து வந்தார்கள் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

உணவைப் போலவே நேரமும் வகுக்கப்பட்டிருந்தது. உண்டபின் கை குட்டையான சட்டையணிந்து சிறிது உறங்குவார்கள். எழுந்து வீட்டிலேயே லுஹர் தொழுதுவிட்டு, அஸர் வரை நூல் எழுதுவார்கள். அஸர் தொழுகைக்கு வெளியே சென்று, மஃரிப் வரை மக்களுக்கு ஓதிக்கொடுப்பார்கள். அதன்பின் இஷா வரை ஃபிக்ஹுப் பாடம். பிறகே வீடு திரும்புவார்கள். உணவு, உறக்கம், தொழுகை, எழுத்து என்னும் இந்த வரிசையில் உணவு எழுத்துக்கு இடையூறாக நிற்கவில்லை. அதற்கு முன்னேற்பாடாக நின்றது.

எல்லா அறிஞர்களும் இவ்வாறே வாழ்ந்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. பக்தாதின் இப்னு அகீல் (ரஹ்) மெல்லும் நேரத்தையும் மிச்சப்படுத்த எண்ணி, ரொட்டிக்குப் பதிலாக, ரஸ்க் போன்ற காய்ந்த கஅக்கை நீருடன் விழுங்கினார்கள். திமஷ்கில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) இஷாவுக்குப் பின் ஒரு வேளை மட்டுமே உண்டார்கள். அதுவும் பெற்றோர் நவா ஊரிலிருந்து அனுப்பிய உணவு. நகரத்துத் தோட்டங்களில் வக்ஃபு சொத்துகள் கலந்திருந்தமையால் அங்குள்ள பழங்களையும் பேணுதலாகத் தவிர்த்தார்கள். அவர்கள் அடைந்த பரக்கத் அளவற்றது. ஆனால் அது அவர்களின் பேணுதலுக்கும் வலிமைக்கும் உரிய வழி. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதை நாம் விதியாக்க முடியாது.

இவ்வரலாறுகளில் நாம் கவனிக்காமல் கடந்துவிடும் ஒன்றும் உண்டு. தபரீயின் தட்டுக்குப் பின்னால் தந்தை விட்டுச்சென்ற நிலத்தின் ஹலாலான வருவாய் இருந்தது. அதனால்தான் பதவியையும், ஈடுசெய்ய இயலாத அன்பளிப்பையும் அவர்களால் மறுக்க முடிந்தது. நவவீயின் உணவுக்குப் பின்னால் ஒரு தாயும் தந்தையும் இருந்தனர். நூலின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை; கூலியில் அவர்களுக்குப் பங்கு இருக்கும் என்றே நாம் நம்புகிறோம்.

ஆகவே நம் வீட்டில் ஒருவர் எழுதுகிறார் என்றால், அவர் உண்ணும் நேரத்தையும் எழுதும் நேரத்தையும் குடும்பமே சேர்ந்து வகுத்துக்கொள்வோம். எண்ணெய் மிகுந்த கனத்த உணவை எழுதும் வேளைக்கு முன் வைக்க வேண்டாம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விட்டுவைக்கும் நபிவழியைப் பேணுவோம். எழுதுபவர் அந்த வீட்டின் மகளாகவோ தாயாகவோ இருந்தால், லுஹருக்கும் அஸருக்கும் இடையிலான அந்த நேரம் அவருக்கும் கிடைக்க வேண்டும்; அன்று அடுப்படியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணிக்கொண்டே எழுதலாம் என்பதற்கு எண்பது வயதைக் கடந்து வாழ்ந்த தபரீ இமாமின் வாழ்வே நமக்குப் போதிய சான்று.