கஸ்டமைஸ் செய்யக்கூடிய கேமிங் மவுஸ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

11 பட்டன், 25,600 டிபிஐ, ஐந்து எடைத் துண்டுகள், கலர் கலராக லைட். கேமிங் மவுஸ் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தால் விமானத்தின் காக்பிட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் வாங்கி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அந்த மவுஸ் பெரும்பாலும் செய்வது இரண்டே வேலை: லெஃப்ட் கிளிக், ரைட் கிளிக்.

பகலில் எக்ஸெல் ஷீட்டும் மீட்டிங்கும், இரவில் வேலரன்ட் அல்லது கவுன்டர் ஸ்ட்ரைக் என்று ஒரே மேசையில் இரண்டு வாழ்க்கை நடத்துபவர்களுக்கு இந்த மவுஸ் உண்மையிலேயே பயன்படும். ஆனால் எந்த வசதி கைக்கு உதவும், எது பெட்டியை விற்க உதவும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் காசும் போகும், மணிக்கட்டும் வலிக்கும்.

மவுஸில் எதையெல்லாம் மாற்றலாம்?

டக்ளஸ் எங்கெல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் 1964-ல் உருவாக்கிய முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அதில் ஒரே ஒரு பட்டன்தான் இருந்தது. மாற்ற ஒன்றுமில்லை. இன்று கிடைக்கும் மவுஸ்களில் இரண்டு வகை மாற்றங்கள் உண்டு.

முதலாவது, உடலை மாற்றுவது. இதில் எல்லை வரை போனது 2010-ல் வந்த மேட் கேட்ஸ் நிறுவனத்தின் ஆர்.ஏ.டி. 7. உள்ளங்கை வைக்கும் பகுதியை நீட்டலாம், கட்டைவிரல் பகுதியை நகர்த்தலாம், எடையைக் கூட்டிக் குறைக்கலாம். ரேஸரின் நாகா டிரினிட்டியில் பக்கவாட்டுத் தகடு மூன்று விதமாக வரும்: 2 பட்டன், 7 பட்டன், 12 பட்டன். என்ன கேம் ஆடுகிறீர்களோ அதற்கேற்ற தகட்டை மாட்டிக்கொள்ளலாம். ஏசுஸின் ஆர்ஓஜி கிளாடியஸ் வரிசையில் உள்ளே இருக்கும் கிளிக் சுவிட்சையே கழற்றி வேறு போடலாம்.

இரண்டாவது, மூளையை மாற்றுவது. அதாவது கர்சர் வேகம், பட்டன்களின் வேலை, லைட் ஆகியவற்றைச் சாஃப்ட்வேர் மூலம் அமைப்பது.

இந்த இரண்டும் ஓரளவு சேர்ந்திருக்கும், பலருக்கும் தெரிந்த ஒரு மாடல் லாஜிடெக் ஜி502. முதல் வடிவம் 2014-ல் வந்தது. 2018-ல் வந்த ஜி502 ஹீரோவை உதாரணமாக வைத்தே மற்ற விஷயங்களைப் பார்க்கலாம்.

முதலில் கை, அப்புறம்தான் எல்லாம்

மவுஸைப் பிடிக்க பொதுவாக மூன்று முறைகள் சொல்வார்கள். முழு உள்ளங்கையும் மவுஸ் மேல் படிவது பாம் கிரிப். உள்ளங்கையின் பின்பகுதி மட்டும் தொட்டு, விரல்கள் வளைந்து நிற்பது கிளா கிரிப். விரல் நுனிகள் மட்டும் தொடுவது ஃபிங்கர்டிப் கிரிப். நீங்கள் எந்த வகை என்று யோசிக்க வேண்டாம். இப்போது கையிலிருக்கும் மவுஸைப் பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

பாம் கிரிப் என்றால் நீளமான, முதுகு உயர்ந்த மவுஸ் வசதியாக இருக்கும். ஃபிங்கர்டிப் என்றால் சின்னதாக, எடை குறைவாக இருப்பது நல்லது. ஜி502 ஹீரோ வலது கைக்காரர்களுக்காக, கட்டைவிரல் வைக்க இறக்கை போன்ற பகுதியோடு செய்யப்பட்டது. இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சரிவராது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் மவுஸைத்தான் அவர்கள் தேட வேண்டும். சாஃப்ட்வேரில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், பிளாஸ்டிக்கின் வளைவை மாற்ற முடியாது.

அடுத்தது எடை. ஜி502 ஹீரோவின் எடை 121 கிராம். பெட்டியில் 3.6 கிராம் எடையுள்ள ஐந்து துண்டுகள் தருகிறார்கள். அடிப்பக்க மூடியைத் திறந்து எல்லாவற்றையும் போட்டால் 139 கிராம். முன்பக்கம் கனமாக வேண்டுமா, பின்பக்கமா என்றுகூட அமைக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எடையைக் கூட்டத்தான் முடியும், 121-க்குக் கீழே குறைக்க முடியாது. இன்றைய ஷூட்டர் கேம் மவுஸ்கள் போவதோ எதிர்த்திசையில். 2020-ல் வந்த அதே நிறுவனத்தின் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் குறைவு. வேகமாகத் தூக்கித் தூக்கி வைத்து ஆடுபவர்களுக்கு எடைத் துண்டுகளைவிட எடையில்லாத மவுஸ்தான் உதவும். கனமாக, நிலையாக இருந்தால் பிடிக்கும் என்பவர்களுக்கு ஜி502 பொருந்தும்.

25,600 டிபிஐ தேவையா?

ஒரே வரியில் பதில்: தேவையில்லை.

மவுஸை ஒரு இன்ச் நகர்த்தினால் எத்தனை எண்ணிக்கை கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதே டிபிஐ. ஃபுல் எச்டி மானிட்டரின் அகலம் 1,920 பிக்சல். 800 டிபிஐ வைத்தால், கர்சர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக மவுஸை 2.4 இன்ச், அதாவது சுமார் 6 சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும். 25,600 வைத்தால் அதே தூரத்துக்கு 2 மில்லிமீட்டர்கூட வேண்டாம். தும்மினால் கர்சர் திரையைத் தாண்டிவிடும்.

தொழில்முறை கவுன்டர் ஸ்ட்ரைக் வீரர்களில் பெரும்பாலானோர் 400, 800 போன்ற குறைந்த அளவில்தான் ஆடுகிறார்கள். அதனால் டிபிஐயின் உச்ச எண்ணைப் பார்த்து ஒரு மவுஸைவிட இன்னொன்று மேல் என்று முடிவு செய்யாதீர்கள்.

கேமுக்குள் இருக்கும் சென்சிட்டிவிட்டியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். டிபிஐயை அதனால் பெருக்கினால் வருவதை இ-டிபிஐ என்கிறார்கள். 800 டிபிஐயும் 0.3 சென்சிட்டிவிட்டியும் தருவது 240. 1,600 டிபிஐயும் 0.15-ம் தருவதும் அதே 240. ஆக, ஆபீஸ் வேலைக்கு வசதியாக 1,600 வைத்துக்கொண்டு, கேமுக்குள் மட்டும் சென்சிட்டிவிட்டியைப் பாதியாக்கினால் பழகிய குறி மாறாது.

இன்னொன்று: விண்டோஸ் மவுஸ் செட்டிங்கில் பாயின்ட்டர் துல்லியத்தை மேம்படுத்துவதாகச் சொல்லும் ஒரு டிக் இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால், கையை வேகமாக நகர்த்தும்போது கர்சர் கூடுதல் தூரம் போகும். புது மவுஸைச் சோதிக்கும் முன் அதை ஆஃப் செய்யுங்கள்.

போலிங் ரேட் என்ன செய்யும்?

மவுஸ் ஒரு விநாடிக்கு எத்தனை முறை தன் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது என்பது போலிங் ரேட். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை. 1,000 ஹெர்ட்ஸ் என்றால் 1 மில்லி விநாடிக்கு ஒரு முறை. இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

8,000 ஹெர்ட்ஸ் மவுஸ்களும் வந்துவிட்டன. அதில் இடைவெளி 0.125 மில்லி விநாடி. ஆனால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு படத்தை மாற்றவே கிட்டத்தட்ட 16.7 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. பழைய மானிட்டரோடு 8,000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்குவதில் அர்த்தம் குறைவு, ப்ராசஸருக்கும் சுமை கூடும். 1,000 போதும்.

பட்டன்கள்: உண்மையான லாபம் இங்கேதான்

ஜி502 ஹீரோவின் 11 பட்டன்களுக்கும் நாம் விரும்பும் வேலையைத் தரலாம். கட்டைவிரலுக்கு அருகில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும் வரை டிபிஐ குறையும். கேமில் ஸ்னைப்பர் துப்பாக்கிக்காக வந்த இந்த வசதி, ஃபோட்டோ எடிட்டிங்கில் நுணுக்கமாகக் கோடு போடவும் உதவும். ஸ்க்ரோல் வீலைப் பக்கவாட்டில் சாய்த்தால் அகலமான ஷீட்டில் இடம் வலமாக நகரலாம். வீலை ஃப்ரீயாகச் சுழல விட்டால் ஆயிரக்கணக்கான வரிகளை ஒரே தள்ளலில் கடக்கலாம்.

மீட்டிங்கில் மைக்கை மியூட் செய்யும் ஷார்ட்கட்டை ஒரு பட்டனுக்குக் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸில் டீம்ஸுக்கு கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எம், ஜூமுக்கு ஆல்ட் + ஏ, கூகுள் மீட்டுக்கு கன்ட்ரோல் + டி. ஒரு எச்சரிக்கை: மீட் டேப் முன்னால் இல்லாதபோது அந்தப் பட்டனை அழுத்தினால் குரோம் உங்களை மியூட் செய்யாது, திறந்திருக்கும் பக்கத்தை புக்மார்க் செய்யக் கிளம்பும். மியூட் ஆகிவிட்டது என்று நம்பிப் பேசிவிடாதீர்கள்.

முதல் நாளே எல்லாப் பட்டனுக்கும் வேலை கொடுத்தால் எதுவும் நினைவில் நிற்காது. வாரத்துக்கு இரண்டு பட்டன் போதும்.

ஆபீஸ் லேப்டாப்பில் வேலை செய்யுமா?

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பல நிறுவனங்களின் லேப்டாப்பில் நாமாக சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்ய முடியாது. அப்படியென்றால் லாஜிடெக்கின் ஜி ஹப், ரேஸரின் சினாப்ஸ் எதுவும் அங்கே ஓடாது.

இதற்குத் தீர்வு ஆன்போர்டு மெமரி. அமைப்புகளை மவுஸே தன்னுள் சேமித்து வைத்துக்கொள்ளும். ஜி502 ஹீரோவில் ஐந்து ப்ரொஃபைல் வரை சேமிக்கலாம். வீட்டில் கம்ப்யூட்டரில் அமைத்துவிட்டு ஆபீஸில் மாட்டினால் அதே பட்டன், அதே வேகம். இந்த வசதி இல்லாத மவுஸ், சாஃப்ட்வேர் இல்லாத இடத்தில் சாதாரண மவுஸாகிவிடும். வெளி யுஎஸ்பி சாதனங்களையே தடை செய்யும் நிறுவனங்களும் உண்டு. ஐடி டீமிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துப்போங்கள்.

மேக்ரோ: எங்கே நிறுத்த வேண்டும்?

ஒரு பட்டனை அழுத்தினால் பல செயல்கள் வரிசையாக நடப்பது மேக்ரோ. தினமும் பத்து முறை டைப் செய்யும் ஒரே வரியை ஒரு பட்டனில் வைப்பது நல்ல பயன். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை.

ஒன்று, ஆன்லைன் போட்டி. வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்டில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-ன் அதிகாரப்பூர்வ சர்வர்களில், வீரரின் அசைவை ஹார்டுவேரே தானாகச் செய்து தரும் உத்திகளைத் தடை செய்தது. கண்டறியப்பட்டால் மேட்ச்சிலிருந்து வெளியேற்றப்படுவார்கள். பட்டனுக்கு வேறு வேலை கொடுப்பது ஒன்று, நமக்காக மவுஸே ஆடுவது வேறொன்று.

இரண்டு, ஆபீஸ். வேலை செய்வதுபோல் காட்ட கர்சரைத் தானாக நகரவிடும் மேக்ரோ போட ஆசை வரலாம். வேண்டாம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டில் வேலை நடப்பதுபோல் போலியாகக் காட்டியதற்காகப் பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கிய செய்தி 2024-ல் வெளியானது.

ஒரு கிளிக், இரண்டு கிளிக் ஆனால்?

கேமிங் மவுஸ் பழுதானால் அடிக்கடி வரும் புகார் டபுள் கிளிக். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிவாகும். மெக்கானிக்கல் சுவிட்சின் உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு தொட்டு விலகுகிறது. அது தேயும்போது அல்லது அழுக்கு படியும்போது தொடர்பு விட்டுவிட்டு ஏற்படும். இழுத்துவரும் ஃபைல் பாதி வழியில் கீழே விழுவதும் இதே நோயின் அறிகுறிதான்.

சுவிட்சைக் கழற்றி மாற்றும் வசதி உள்ள மவுஸில் இது ஐந்து நிமிட வேலை. மற்றவற்றில் சால்டரிங் தெரிந்தவரைத் தேட வேண்டும். ஒளியால் கிளிக்கை உணரும் ஆப்டிகல் சுவிட்சில் இந்த உலோகத் தொடர்பே இல்லாததால் அந்தச் சிக்கலும் இல்லை. ஆக, லைட்டின் கலரை மாற்றும் வசதியைவிட சுவிட்சை மாற்றும் வசதிதான் மவுஸின் ஆயுளைக் கூட்டும்.

ரிட்டர்ன் தேதிக்குள் என்ன சோதிக்கலாம்?

• முதல் நாள்: எந்த அமைப்பையும் மாற்றாமல் முழு நாள் பயன்படுத்துங்கள். சுண்டுவிரல் தரையில் உரசுகிறதா, கட்டைவிரல் நீட்டிப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

• இரண்டாம் நாள்: டிபிஐயை 800-ல் வைத்து, தேவைப்பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு அளவைப் பிடித்துவிட்டால் ஒரு வாரம் மாற்றாதீர்கள்.

• மூன்றாம் நாள்: ஒரு ஃபைலின் மேல் மெதுவாக 50 முறை ஒற்றைக் கிளிக் செய்யுங்கள். ஒரு முறைகூட அது தானாகத் திறக்கக் கூடாது.

• நான்காம் நாள்: இரண்டு பட்டன்களுக்கு வேலை கொடுத்து ஆன்போர்டு மெமரியில் சேமித்து, சாஃப்ட்வேர் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள்.

• வாரக் கடைசி: மணிக்கட்டையும் முன்னங்கையையும் கவனியுங்கள். பழைய மவுஸைவிட அதிகம் வலித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

இந்தியாவில் வாரன்ட்டி யார் தருகிறார்கள் என்பதையும் பில்லில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்து விற்கப்படும் மவுஸுக்கு இங்குள்ள சர்வீஸ் சென்டரில் வாரன்ட்டி கிடைக்காமல் போகலாம்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் மரத்துப்போகும் உணர்வு அடிக்கடி வந்தால் அது மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு மருந்து புது மவுஸ் அல்ல. மருத்துவரைப் பாருங்கள்.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

மொபைலில் மட்டும் கேம் ஆடுபவருக்கும், நாள் முழுக்க ப்ரவுசரும் மெயிலும் மட்டும் பார்ப்பவருக்கும் நல்ல சாதாரண மவுஸே போதும். ஷூட்டர் கேம் மட்டும் ஆடுபவர் எடை குறைந்த, கைக்குப் பொருந்தும் மவுஸைத் தேடலாம், பட்டன் எண்ணிக்கை முக்கியமில்லை. எடிட்டிங், டேட்டா, கோடிங் என்று ஷார்ட்கட்டில் வாழ்பவருக்கும், நிறைய ஸ்கில் பட்டன் வேண்டிய கேம் ஆடுபவருக்கும் தான் 11 பட்டன் மவுஸ் கொடுத்த காசுக்கு வேலை செய்யும்.

கடையில் வரிசைப்படி பாருங்கள்: முதலில் வடிவம், பிறகு எடை, பிறகு ஆன்போர்டு மெமரி, பிறகு சுவிட்ச். டிபிஐ எண் கடைசியில் வரட்டும். லைட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கை மேலே இருக்கும்போது அது எப்படியும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.