கடலும் வானமும் ஒரே படத்தில்



புதுவைக்கு வடக்கே, காலாப்பட்டிற்குச் செல்லும் வழியில், பிள்ளைச்சாவடி என்னும் மீனவர் ஊர் உள்ளது. கடலரிப்பினால் தன் கரையைச் சிறிது சிறிதாக இழந்துவரும் ஊர் அது. அங்கே விடியற்காலையில் கிழக்கு நோக்கி நிற்பவன் கடலின்மேல் எழும் கதிரவனையும் காண்கிறான். கரையில் கிடக்கும் படகின் உள்நிழலில் குவிந்த வலையின் முடிச்சுகளையும் காண்கிறான். இவ்விரண்டையும் ஒரே நிழற்படத்தில் பிடிக்க முயன்றால், வானம் வெளுத்துப்போகும். அன்றேல் படகு வெறுங்கருமையாகிவிடும். கண்ணோ ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குத் தாவுந்தோறும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. படக்கருவிக்கு அத்திறன் இல்லை.

இக்குறையை முதலில் நேர்கொண்டு எதிர்த்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சுக்காரராகிய குஸ்தாவ் லெ கிரே. அக்காலத்து நிழற்படத் தகடு நீலநிற ஒளிக்கு மிகுதியாகவும், ஏனைய நிறங்களுக்குக் குறைவாகவும் இணங்கிற்று. ஆகையால் கடல் தெளிவாகப் பதியும்வரை காத்திருந்தால் வானத்து மேகங்கள் அழிந்துபோயின. லெ கிரே என்ன செய்தார்? கடலுக்கு ஒரு தகடு, வானத்திற்கு ஒரு தகடு என இரண்டு எடுத்து, அடிவானக் கோட்டில் அவற்றைப் பொருத்தி ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் செத் துறைமுகத்தில் அவர் எடுத்த பேரலைப் படம் இவ்வகையில் புகழ்பெற்றது. அதனை ஏமாற்று வித்தை என்று சொல்வாரும் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. கண்டதைக் கண்டவாறே காட்டுவதற்கு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

திரைப்படம் தோன்றியபின் இச்சிக்கல் பெருகிற்று. ஒரு படத்தில் நூற்றுக்கணக்கான காட்சிகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு பொழுதில், வெவ்வேறு ஒளியில் எடுக்கப்பெறுவது. தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் உருவாக்கிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. 1956-இல் கேவாகலர் சுருளில் வெளிவந்தது. 1959-இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ லண்டனில் டெக்னிகலர் முறையில் படியெடுக்கப்பெற்றது. 1964-இல் ‘கர்ணன்’ ஈஸ்ட்மன்கலரில் வந்தது.

இப்படங்களின் வண்ணத்தைத் தீர்மானித்தவர் ஒளிப்பதிவாளர் மட்டும் அல்லர். லாபரட்டரியில் ‘கிரேடர்’ எனப்பட்டவர் ஒருவர் இருப்பார். மூலச்சுருளினின்று படியெடுக்கையில், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூவொளிகளையும் எவ்வளவு செலுத்துவது என்பதை ஒவ்வொரு காட்சிக்கும் 1 முதல் 50 வரையிலான எண்களால் அவர் குறித்துவைப்பார். காலையில் எடுத்த காட்சியும் மாலையில் எடுத்த காட்சியும் ஒரே போர்க்களமாகத் தோன்றுவது அவ்வெண்களின் வலிமையினால்தான். அவருடைய பெயர் திரையில் வருவது அரிது. இது நீதியன்று என்பது என் எண்ணம்.

அடுத்து வந்தது தொலைக்காட்சி. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கிற்று. வண்ண ஒளிபரப்பு 1982-இல் நாட்டிற்கு வந்தது. ஒளியின் பிரகாசத்தை ‘நிட்’ என்னும் அலகால் அளப்பர். திரையரங்கின் வெண்திரை ஏறத்தாழ 50 நிட் ஒளி தருவது. கண்ணாடிக் குழாயுடைய பழைய தொலைக்காட்சிப் பெட்டியை ஒட்டி வகுத்த அளவு 100 நிட். குழாய்ப் பெட்டிகள் மறைந்த பின்னரும் அந்த 100 நிட் கணக்கு மறையவில்லை. ஒளிபரப்புக்கான படங்களெல்லாம் அதற்குள்ளேயே அடக்கப்பெற்றன.

இதனிடையே, 1997-இல் பால் டெபவெக் என்பவரும், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற நம் நாட்டவராகிய ஜிதேந்திர மாலிக்கும் ஒரு முறையை வெளியிட்டனர். ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் பல படங்களாக எடுத்து, கணினியால் இணைத்து, அக்காட்சியில் உண்மையில் இருந்த ஒளியின் ஏற்றத்தாழ்வை மீட்டெடுக்கும் முறை அது. லெ கிரேயின் இரண்டு தகடுகள் இங்கே கணக்கியல் வடிவம் பெற்றன எனலாம். பின்னர் 2014-இல், 10,000 நிட் வரையிலான ஒளியைக் குறிக்கவல்ல குறியீட்டு முறை ஒன்று தரப்படுத்தப்பெற்றது. 2016-இல் அது அனைத்துலக ஒளிபரப்பு விதியிலும் இடம்பெற்றது. ‘எச்டிஆர்’ என்று இன்று கடைகளில் நீங்கள் காணும் எழுத்துகளின் பொருள் இதுவே: நிழலுக்கும் பேரொளிக்கும் இடைப்பட்ட வீச்சு மிகுந்த படம். 10,000 நிட் என்பது குறியீட்டின் எல்லையே. பெரும்பாலான வீட்டுத் திரைகளுக்கு அது எட்டாத உயரம். படங்களைப் பெரும்பாலும் 1,000 அல்லது 4,000 நிட் அளவிலேயே சீர்செய்கின்றனர்.

இனி, என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். ஈஸ்ட்மன்கலர் படிகளின் சாயம் நிலையற்றது. ஆண்டுகள் செல்லச்செல்ல நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். படம் முழுதும் செம்மை படரும். சாயத்தை அச்சுப்போல் ஒற்றியெடுத்த டெக்னிகலர் படிகள் அவ்வாறு எளிதில் கெடுவதில்லை. ‘கர்ணன்’ கணினி வழியே புதுப்பிக்கப்பெற்று 2012 மார்ச்சில் மீண்டும் திரைக்கு வந்து, இளைஞர்களையும் ஈர்த்து ஓடிற்று. ‘கட்டபொம்ம’னும் 2015-இல் அவ்வாறே வந்தது. நல்ல பணிகள், ஐயமில்லை. ஆனால் அத்தகைய படத்தை நாளை எச்டிஆர் திரைக்கு ஏற்பச் சீர்செய்ய ஒருவர் அமரும்போது, கர்ணனின் கவசம் எவ்வளவு மின்னவேண்டும் என்பதை யார் சொல்வது? ஒளிப்பதிவாளர் வி. ராமமூர்த்தி அக்கவசத்திற்கு ஒளியமைத்தது 50 நிட் வெண்திரையை எண்ணி. 1,000 நிட் கிடைக்கிறது என்பதற்காக அதனைக் கண்கூசச் செய்வது, பழைய ஓவியத்தின்மீது புதுச்சாயம் பூசுவதை ஒக்கும். மங்கிய வண்ணத்தை மீட்பது வேறு. இல்லாத ஒளியை ஏற்றுவது வேறு.

ஒளிப்பதிவாளர் உயிருடன் இருக்கும்போதே அவரை அருகில் அமர்த்தி வண்ணம் தீர்ப்பதுண்டு. 1950-களின் படங்களுக்கு அவ்வாய்ப்பு அரிது. அவற்றிற்குச் சான்றாவன மூலச்சுருள்களும், மங்காது எஞ்சிய படிகளும், கிரேடர் குறித்த எண்தாள்கள் எங்கேனும் தப்பியிருந்தால் அவையுமே. தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் தொடங்கப்பெற்றதே 1964-இல், ‘கர்ணன்’ வெளிவந்த அதே ஆண்டில்தான். அதற்கு முந்தைய தமிழ்ப்படச் சுருள்கள் பலவற்றின் கதி, அவற்றை வைத்திருந்தவர்களின் பொறுப்பையும் கிடங்கின் வெப்பத்தையும் பொறுத்ததாயிற்று.